சாம்பலுப்பும் சிறுநீரகமும்: குருதியிற் பொற்றாசியம் மிகுதல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வாழைச்சேனை என்னும் பெயரைப் பிரித்தால் வாழை எனவும் சேனை எனவும் இரு சொற்கள் கிடைக்கும். இப்பெயர் இவ்வூருக்கு வந்தவாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவ்வாராய்ச்சியை ஊர்ப்பெயர் வல்லார்க்கு விட்டுவிடுவோம். ஆயின் இவ்விரு சொற்களும் ஒரே உப்பை நினைவூட்டி நிற்கின்றன என்பது இரசாயனம் கற்றார்க்கு எளிதிற் புலனாகும். காட்டை வெட்டிச் சுட்டு, அச்சாம்பல் படிந்த மண்ணில் முதன்மழையோடு விதைப்பது சேனைப் பயிர். சாம்பல் நிலத்துக்கு ஊட்டும் உப்புக்களுள் தலையாயது பொற்றாசியம். வாழையோ அவ்வுப்பை நிலத்திலிருந்து மிகுதியாக உறிஞ்சித் தண்டிலும் காயிலும் கனியிலும் சேர்த்து வைப்பது. நூறு கிராம் வாழைப்பழத்தில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் பொற்றாசியம் உண்டு.

நிலத்துக்கும் பயிருக்கும் உயிருக்கும் இன்றியமையாத இவ்வுப்பு, மனிதனுடைய குருதியிற் சிறிது மிகுந்தால் இதயம் நின்றுவிடும். குருதி நீரில் இலீற்றருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமூல் வரை இருப்பது இயல்பு. அது 6.5ஐக் கடந்தால் உயிருக்கு இடர் அணுகிவிட்டது என்பர் மருத்துவர். உடலுக்கு உணவாகும் ஒன்று எப்பொழுது நஞ்சாகின்றது என்னும் வினாவுக்கு விடை காண மனிதர்க்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது. அவ்வரலாறு நமக்குத் தொலைவானதன்று. வாழைச்சேனையிலிருந்து புணானை, வெலிகந்தை வழியாக இரயிலேறினால் அடையும் பொலன்னறுவை மாவட்டத்திலே, உழவர் பலருடைய சிறுநீரகங்கள் படிப்படியாகச் செயலிழந்து வருகின்றன. அந்நோய் முதிர்ந்தவர்களின் குருதியில் இவ்வுப்பே தேங்குகின்றது.

சாம்பலை நீரிற் கரைத்து வடித்தாற் காரநீர் கிடைக்கும் என்பதை நம் முன்னோர் நன்கறிவர். ஆடை வெளுப்போர் அதனைப் பயன்படுத்தினர். அசாம் மக்கள் வாழையின் சாம்பலை வடித்தெடுத்த காரத்தை இன்றும் கறிக்கு இடுகின்றனர். ஐரோப்பாவில் அக்காரநீரைச் சட்டியிலிட்டு வற்றக் காய்ச்சி எடுத்த வெண்பொடிக்குச் 'சட்டிச் சாம்பல்' எனப் பொருள்படும் பொற்றாசு என்னும் பெயர் வழங்கிற்று. பொற்றாசியத்தைக் குறிக்கும் 'கே' என்னும் எழுத்தும், செடிச் சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்த 'காலியம்' என்பதன் முதலெழுத்தேயாம். ஆகவே எம்மொழியிற் பெயர் தேடினும் சாம்பலையே வந்தடைகின்றோம்.

1807ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், இலண்டன் இராயல் நிலையத்தில், ஹம்பிரி டேவி என்பார் சற்றே ஈரமூட்டிய பொற்றாசினூடாக மின்னைச் செலுத்தினார். இரசம் போன்று ஒளிரும் சிறு உருண்டைகள் தோன்றி, அவற்றுட் சில வெடித்து எரிந்தன. பொற்றாசியம் என்னும் உலோகத்தை மனிதர் முதன்முதற் கண்டது அன்றேயாகும். களிப்பு மிகுதியால் டேவி அறையெங்கும் துள்ளித் திரிந்தார் என்பதை அவருடைய தம்பி ஜோன் டேவி எழுதிய வாழ்க்கை வரலாற்றால் அறிகின்றோம். இத்தம்பியாரை நாம் எளிதிற் கடந்து செல்லல் ஆகாது. 1808இலே தமையனாரின் ஆய்வுகூடத்தில் உதவியாளராக அமர்ந்து, பின்னர் மருத்துவங் கற்று, படை மருத்துவராக 1816ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தவர் அவர். கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்ட மறு ஆண்டு அது. 1820 வரை இங்கிருந்து மலைநாட்டின் பல பகுதிகளையும் கால்நடையாகவும் குதிரை மீதும் கண்டு, 1821இல் இலங்கையின் உள்நாட்டைப் பற்றிய பெருநூலொன்றை வெளியிட்டார்.

அந்நூலிலே தும்பறைப் பகுதி மலைக்குகை ஒன்றில் வெடியுப்பு எடுக்கும் முறையை அவர் விரித்துரைக்கின்றார். வௌவால்கள் தங்கும் குகையின் சுவரைச் செதுக்கிப் பொடியாக்கி, அதனோடு மரச்சாம்பல் கலந்து, நீர் ஊற்றி வடித்து, வடித்த நீரை வற்றக் காய்ச்சுவர். குகை மண்ணிலுள்ள கல்சியம் நைத்திரேற்றும் சாம்பலிலுள்ள பொற்றாசியம் காபனேற்றும் ஒன்றையொன்று மாற்றிக்கொள்ள, சுண்ணம் அடியில் தங்கும். பொற்றாசியம் நைத்திரேற்று நீரோடு இறங்கும். துப்பாக்கி மருந்துக்கு வேண்டிய வெடியுப்பு அதுவே. தமையனார் இலண்டனிலே மின்னாற் பிரித்தெடுத்த மூலகத்தை, கல்வி கேள்வியற்றோர் என்று கருதப்பட்ட மலைநாட்டுத் தொழிலாளர் சாம்பலாலும் நீராலும் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்ததைத் தம்பியார் கண்ணாற் கண்டார். இலங்கையின் அறிவியல் வரலாற்றிலே இவ்வளவு சுவையான சந்திப்புக்கள் அதிகம் இல்லை. இது நம் பாடநூல்களில் இடம்பெறாதது ஒரு குறையே.

வெடியுப்புப் படைக்கலத்துக்கு மட்டும் பயன்பட்டதன்று. சித்த மருத்துவத்தில் நீரடைப்புக்கு வெடியுப்புச் சேர்ந்த மருந்துகள் வழங்கின. ஐரோப்பிய மருத்துவரும் உடல் வீங்கிய நோயாளிக்கு வெடியுப்பையும், முந்திரிகைச் சாற்றுத் தொட்டியிற் படியும் பொற்றாசிய உப்பையும், 'நீர்பெருக்கும் உப்பு' என்று பெயரிட்ட பொற்றாசியம் அசற்றேற்றையும் கொடுத்தனர். கீழ்நாடும் மேல்நாடும் இவ்விடயத்தில் ஒருமித்தே நடந்தன. சிறுநீரகம் வலுவாயிருந்தோருக்கு அவை சிறுநீரைப் பெருக்கின என்பது உண்மை. சிறுநீரகமே கெட்டு அதனால் உடல் வீங்கியோருக்கு அவை என் செய்தன என்பதை அறிய அக்காலத்திற் கருவி இல்லை. இலண்டன் கைஸ் வைத்தியசாலையின் இரிச்சட் பிரைற்று, வீக்கத்துக்கும் சிறுநீரகக் கேட்டுக்கும் உள்ள தொடர்பை 1827ஆம் ஆண்டிலேதான் வெளியிட்டார். அதற்கு முன்னர் எல்லா வீக்கமும் ஒரே நோயாகவே எண்ணப்பட்டது.

அடுத்து வந்த படி இரசாயனருடையது. தாவரம் மண்ணிலிருந்து கனியுப்புக்களை உண்கின்றது என்று 1840இல் நூலெழுதிய யுஸ்டுஸ் லீபிக், 1847இல் இறைச்சியை ஆராய்ந்து, தசையில் பொற்றாசியமும் குருதி நீரில் சோடியமும் மிகுந்திருப்பதைக் கண்டார். மூன்றாண்டு கழித்து, டோர்பாற்று நகரிலே வாந்திபேதி நோயாளரின் குருதியைப் பகுத்த கால் சிமிற்று, குருதிக் கலங்களின் உள்ளே பொற்றாசியமும் வெளியே சோடியமும் இருப்பதை எண்ணிட்டுக் காட்டினார். உடல் முழுவதிலுமுள்ள பொற்றாசியம் ஏறத்தாழ 3500 மில்லிமூல். நிறையிற் சொன்னால் 130 கிராமுக்கு மேல். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு கலங்களின் உள்ளே அடைபட்டுள்ளது. வெளியே, குருதி நீர் உள்ளிட்ட பாய்பொருள் அனைத்திலும் சேர்ந்து இருப்பது இரண்டு மூன்று கிராம் மட்டுமே.

இக்கணக்கை மாணவர் மனத்தில் இருத்தல் வேண்டும். ஏனெனில், நல்ல உணவு உண்ணும் ஒருவர் ஒரு நாளிற் பெறும் பொற்றாசியமும் இரண்டு முதல் நான்கு கிராம் வரையாகும். அதாவது கலங்களுக்கு வெளியே முழுவதிலும் உள்ள அளவை நாம் நாடோறும் விழுங்குகின்றோம், எனினும் இறப்பதில்லை. உண்டது முதலிற் கலங்களுக்குள் ஒதுக்கப்படுகின்றது. பின்னர்ச் சில மணி நேரத்திற் சிறுநீரகம் அதனை வெளியேற்றுகின்றது. வெளியேறுவதில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சிறுநீர் வழியே செல்லும். எஞ்சியது மலத்தோடு போகும். ஒரு குளத்துக்கு வான்கதவு எவ்வாறோ அவ்வாறே உடலுக்குச் சிறுநீரகம். வான்கதவு அடைபட்ட குளத்துக்கு நல்ல மழையும் கேடாகும். நோய்க்குக் காரணம் மழையன்று.

பொற்றாசியம் இதயத்தை நிறுத்தும் என்பதை 1839ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் பிளேக் என்னும் ஆங்கிலேய மருத்துவர் விலங்குகளின் நாளத்திற் செலுத்திக் கண்டார். ஆயின் அதன் காரணத்தை அணுகிச் சென்றவர் சிட்னி ரிங்கர். தவளையின் இதயத்தை உடலுக்கு வெளியே எடுத்து உப்புநீரில் இட்டு, அது எவ்வளவு நேரம் துடிக்கும் என்று அவர் அளந்துவந்தார். 1882ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிபு ஒன்று பின்னர்ப் பிழையெனத் தெரிந்தது. வடிநீரில் உப்பைக் கரைத்ததாக அவர் எண்ணியிருக்க, உதவியாளர் குழாய்நீரையே பயன்படுத்தியிருந்தார். குழாய்நீரிற் சுண்ணம் இருந்தது; அதனால் இதயம் நெடுநேரம் துடித்தது. வடிநீரில் மீண்டும் செய்தபோது இதயம் விரைவிலே சோர்ந்தது. தம் பிழையை ரிங்கர் மறைத்தாரல்லர். 1883இல் அதனை வெளிப்படையாக எழுதி, கல்சியம் இதயத்தைச் சுருங்கச் செய்யும் எனவும், பொற்றாசியம் மிகுந்தால் இதயம் விரிந்த நிலையில் நின்றுவிடும் எனவும், இவ்விரண்டும் ஒன்றையொன்று தடுத்து நிற்பன எனவும் காட்டினார். இன்று குருதியிற் பொற்றாசியம் மிகுந்து இதயம் தடுமாறும் நோயாளிக்கு மருத்துவர் முதலில் ஏற்றுவது கல்சியம் குளுக்கோனேற்று. அது பொற்றாசியத்தை ஒரு துளியும் குறைப்பதில்லை. இதயத்துக்குச் சிறிது நேரக் காவலாக நிற்கின்றது, அவ்வளவே. தவளை இதயத்திற் கண்டதன் நேர்ப்பயன் இது.

அதன்பின் அரை நூற்றாண்டு பெரிய முன்னேற்றம் இல்லை. குருதியில் உள்ள பொற்றாசியத்தை அளப்பது பழைய இரசாயன முறையில் ஒரு நாள் வேலை. விடை கிடைக்கும்போது நோயாளி இருப்பதில்லை. ஐன்தோவன் அமைத்த கருவியால் இதயத்தின் மின்னோட்டத்தை வரையக் கற்றபின், 1938ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் மூவர் நாய்களின் குருதியிற் பொற்றாசியத்தைப் படிப்படியாக உயர்த்தி, அவ்வரைபு எவ்வாறு மாறுகின்றது என்று பதிந்தனர். துடிப்பின் இறுதி அலை முதலிற் கூரிய கூடாரம் போல் உயர்கின்றது. பின்னர் முதலலை மறைகின்றது. நடுவலை அகன்று அகன்று ஈற்றில் வரைபு வெறும் நெளிகோடாகின்றது. சிற்றூர் வைத்தியசாலையிலும் சில நிமிடங்களிற் காணக்கூடிய அறிகுறி இது. 1945 அளவில், உப்புக்கரைசலைச் சுவாலையில் தெளித்து அதன் நிறவொளியால் அளக்கும் கருவி வந்தது. மாணவர் ஆய்வுகூடத்தில் பொற்றாசிய உப்பைச் சுவாலையிற் காட்டிக் காணும் ஊதா நிறமே அவ்வளவீட்டுக்கு அடிப்படை.

இடையில் போர் வந்தது. 1940ஆம் ஆண்டில் இலண்டன் மீது குண்டுகள் விழுந்தபோது, இடிபாடுகளின் கீழ்க் கைகால் நசுங்கிப் பல மணி நேரம் கிடந்தோர் உயிரோடு மீட்கப்பட்டனர். மீண்டவர்கள் முதல் நாள் நலமாகப் பேசினர். பின்னர்ச் சிறுநீர் கறுத்துக் குறைந்து ஒரு கிழமைக்குள் இறந்தனர். எரிக் பைவாட்டர்சும் டெஸ்மண்ட் பீலும் 1941இல் இதனை விவரித்தனர். நசுங்கிய தசையின் நிறப்பொருள் சிறுநீரகத்தை அடைக்க, அத்தசைக் கலங்களில் அடைபட்டிருந்த பொற்றாசியம் குருதியிற் கொட்டுகின்றது என்பது தெளிவாயிற்று. கதவு அடைபடும் அதே நேரத்தில் வெள்ளமும் வருகின்றது. 1978 நவம்பரிற் சூறாவளி வீழ்த்திய தென்னைகளையும் சுவர்களையும் கண்ட நம் பகுதியினர்க்கு இடிபாடு என்பது தொலைதூரச் செய்தியன்று. 1988இல் ஆர்மேனியாவில் நிலநடுக்கம் நேர்ந்தபின், இத்தகையோரைக் காக்கவே சிறுநீரக மருத்துவர் தனிப்படையொன்றை அமைத்தனர்.

நம் கடலோரத்துக்கு இன்னும் நெருங்கியதொரு சான்று மலாயாவிலிருந்து கிடைக்கின்றது. பினாங்கு வைத்தியசாலையில் 1950களிலும் 1960களிலும் பணியாற்றிய அலிஸ்தயர் றீட் என்பார், கடற்பாம்பு கடித்த மீனவரை ஆண்டுக்கணக்கிற் கவனித்து எழுதினார். வலையிற் சிக்கிய பாம்பைக் கையால் எடுத்தெறியும்போது கடிபடும். கடிவாயில் வலி பெரிதாக இராது. ஒரு மணி நேரத்துள் உடம்பெங்கும் தசைவலி. சில மணி நேரத்திற் சிறுநீர் தேநீர்ச் சாயம் போலாகும். இங்கும் தசை அழிந்து பொற்றாசியம் குருதியிற் கலக்கின்றது. வாழைச்சேனைத் துறையிலிருந்து கடலுக்குச் செல்வோர் இக்குறியை அறிந்திருத்தல் நன்று. வயற்புறத்திலோ கண்ணாடி விரியன் எனப்படும் புடையன் வேறு வழியாற் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றது. கடித்த சில நாளிற் சிறுநீர் குறைந்தால், அங்கும் பொற்றாசியத்தின் அளவே உயிரைத் தீர்மானிக்கும்.

இனி, தேங்கிய உப்பை வெளியேற்றும் வழி. கிரகாமின் விதியால் மாணவர் அறிந்த தோமஸ் கிரகாம், 1861ஆம் ஆண்டில், மெல்லிய தாள்மென்றகட்டின் ஒருபுறம் கரைசலையும் மறுபுறம் நீரையும் வைத்தால் உப்புக் கடந்து செல்லும், பசைப்பொருள் தங்கிவிடும் என்று காட்டினார். செருமானியர் கைப்பட்டிருந்த ஒல்லாந்தில், கம்பன் என்னும் சிறு நகரிலே, வில்லெம் கொல்ப் என்னும் இளமருத்துவர் 1943இல் அதனையே நோயாளிக்குப் பயன்படுத்தினார். இறைச்சி அடைக்கும் செலோபேன் குழாயை மரச்சட்ட உருளையிற் சுற்றி, அதனுள் நோயாளியின் குருதியை ஓடவிட்டு, உருளையை உப்புநீர்த் தொட்டியிற் சுழலச் செய்தார். முதலில் வந்தோரிற் பெரும்பாலோர் இறந்தனர். 1945இல் 67 வயது மூதாட்டி ஒருவர் பிழைத்தார். 1952இல் கொரியப் போர்க்களத்தின் பின்னணியில் அமெரிக்கர் இத்தகைய பொறியொன்றை நிறுவி, காயப்பட்டுச் சிறுநீரற்ற போர்வீரரைப் பொற்றாசியத்தினின்றும் காத்தனர். 1960இல் சியாற்றிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் நாடியையும் நாளத்தையும் இணைக்கும் குழாயமைப்பைக் கண்டபின், சில நாட்களுக்கன்றி ஆண்டுக்கணக்கிலும் இவ்வழியால் வாழலாம் என்றாயிற்று.

கலத்தின் உள்ளே பொற்றாசியத்தைத் தள்ளிவைப்பது எது என்பதற்கு விடை 1957இலே டென்மார்க்கிலிருந்து வந்தது. ஜென்ஸ் ஸ்கூ நண்டின் நரம்பிலிருந்து பிரித்தெடுத்த நொதியமொன்று, சோடியத்தை வெளியே இறைத்துப் பொற்றாசியத்தை உள்ளே ஏற்றும் துலாப்போல இயங்குவதைக் காட்டினார். நாற்பதாண்டு கழித்து, 1997இல், அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. இத்துலாவை நிறுத்தும் நஞ்சு நம் வேலிகளிலேயே பூத்து நிற்கின்றது: மஞ்சள் அலரி. 1980களிலிருந்து இத்தீவின் வடக்கிலும் பிறவிடங்களிலும் அதனால் நேர்ந்த துயரங்களை மருத்துவர் எழுதியுள்ளனர். குருதியிற் பொற்றாசியம் உயர்வதே அந்நஞ்சின் கடுமையை அளக்கும் குறியாயிற்று. கொழும்பில் நடத்தப்பெற்று 2000ஆம் ஆண்டில் 'லான்செற்' ஏட்டில் வெளிவந்த ஆய்வு, அந்நஞ்சைக் கவ்வும் எதிர்ப்பொருளை ஏற்றினால் இதயத்துடிப்புச் சீராவதோடு பொற்றாசியமும் தாழ்கின்றது என நிறுவிற்று. இம்மருந்து விலையால் எட்டாக்கனியாயிருப்பதே வருத்தத்துக்குரியது.

இவ்வறிவெல்லாம் கைவந்த காலத்திலேயே நம் அயலில் புதிய நோய் தோன்றியது. 1990களின் நடுவில் மதவாச்சி, பதவியா முதலிய இடங்களின் உழவரிடையே, நீரிழிவோ குருதியமுக்கமோ காரணமல்லாத சிறுநீரக நோய் மிகுந்திருப்பதை மருத்துவர் கண்டனர். கிராந்துருகோட்டை, பொலன்னறுவைப் பகுதிகளிலும் அது பரவியிருந்தது. கிணற்று நீரின் புளோரைட்டும் வன்மையும், வயல்நஞ்சுகள், கடும் வெயிலில் நீரின்றி உழைத்தல் என்று பல காரணங்கள் கூறப்படுகின்றன. ஒன்றும் ஐயமற நிறுவப்படவில்லை. ஆந்திரத்தின் உத்தானத்திலும் மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களிலும் இதனையொத்த நோய் உண்டு. 2021இல் சீன நன்கொடையாற் பொலன்னறுவையில் திறக்கப்பட்ட சிறுநீரக வைத்தியசாலை இத்தேவையாற் பிறந்தது. நீரிழிவாற் சிறுநீரகம் கெட்டோர் இவர்களுக்கு மேலதிகம். அவர்கள் நம் ஒவ்வோர் ஊரிலும் உளர்.

இவர்களுக்கு வரும் இடர் பெரும்பாலும் அன்பின் வழியே வருகின்றது என்பதை வற்புறுத்திக் கூற விரும்புகின்றேன். நோயாளியைப் பார்க்கச் செல்வோர் வெறுங்கையோடு செல்வது நம் வழக்கமன்று. வாழைச்சீப்பும் இளநீர்க்குலையும் கொண்டு செல்வர். இளநீரில் இலீற்றருக்கு ஏறத்தாழ 50 மில்லிமூல் பொற்றாசியம் உண்டு. குருதியில் உள்ளதைப் போலப் பத்து மடங்குக்கு மேல். சோடியமோ மிகக் குறைவு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இத்தீவிலே சேலைன் தட்டுப்பட்டபோது இளநீரை நாளத்தில் ஏற்றினர் என்னும் குறிப்பு மருத்துவ ஏடுகளில் உண்டு. 1942இல் கியூபாவின் ஹவானாவில் குழந்தைகளுக்கும் அவ்வாறு ஏற்றியுள்ளனர். வயிற்றுப்போக்கால் நீரிழந்தும் சிறுநீரகம் பழுதுறாதவர்க்கு அது தாங்கக்கூடியது. சிறுநீர் அற்றவர்க்கு அஃது ஏற்றதன்று. இளநீர் தூயது, குளிர்ச்சியானது என்னும் எண்ணம் நம்முள் ஆழ வேரூன்றியிருத்தலால், மருத்துவர் தடுத்தாலும் 'ஒரு மிடறுதானே' என்று கொடுப்போர் பலர்.

நலமுடையோர் இதனைப் படித்து வாழைப்பழத்துக்கு அஞ்சுதல் வேண்டா. அவர்க்குப் பொற்றாசியம் குருதியமுக்கத்தைத் தாழ்த்தும் நன்மருந்து. சீனத்தின் 600 கிராமங்களில் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், கறியுப்பிற் காற்பங்குக்குப் பொற்றாசியம் குளோரைட்டுச் சேர்த்தபோது பக்கவாதமும் மரணமும் குறைந்தன. ஆயின் கடுஞ் சிறுநீரக நோயுள்ளோர் அவ்வாய்விற் சேர்க்கப்படவில்லை. 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதை நல்லதென்று எண்ணி வாங்கும் சிறுநீரக நோயாளி, உணவோடு பொற்றாசியத்தை அள்ளி இடுகின்றார். எனவே பொதியின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குதல் வேண்டும்.

மருந்துகளின் செய்தியும் இத்தகையதே. எனலாபிரில், லொசாற்றன் முதலிய அமுக்க மருந்துகளும் ஸ்பைரோனோலக்டோனும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்வன. அதே வேளையிற் பொற்றாசியம் வெளியேறுவதைத் தடுப்பன. இதயம் தளர்ந்தோர்க்கு ஸ்பைரோனோலக்டோன் ஆயுளை நீட்டும் என்று 1999இல் ஆய்வு வெளிவந்ததும் அதன் வழக்கு விரைந்து பெருகிற்று. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், அதனோடு சேர்ந்து பொற்றாசிய மிகையால் வைத்தியசாலை சேர்ந்தோரும் இறந்தோரும் பெருகினர் என்று 2004இற் கண்டனர். மருந்து பிழையன்று, குருதியை அளவாது கொடுத்ததே பிழை. இவற்றோடு மூட்டுவலிக்குத் தாமாகவே குளிசை வாங்கி விழுங்குவோரும், நீர்பெருக்க வெடியுப்புச் சேர்ந்த மருந்தை நாடுவோரும் இடரை இரட்டிக்கின்றனர். இவ்வுடல்நிலையிற் பெரும்பாலும் முன்னறிவிப்பு இராது என்பதையும் சொல்லல் வேண்டும். கால் தளர்வு, நெஞ்சுப் படபடப்பு என்று சிலர்க்குத் தோன்றும். பலர்க்கு ஒன்றுமே தோன்றுவதில்லை. அளந்து அறிவதன்றி வேறு வழியில்லை. அளப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கட்டு இறுக்கிக் கையை மடக்கி விரித்து எடுத்த குருதியிலும், எடுத்தபின் வெயிலில் நெடுநேரம் கொண்டு செல்லப்பட்ட குருதியிலும், கலங்கள் உடைந்து உள்ளிருந்த பொற்றாசியம் கசிந்து பொய்யான உயர்வைக் காட்டும். தொலைவூர்களிலிருந்து மாதிரி அனுப்புவோர் இதனை மறத்தல் ஆகாது.

வைத்தியசாலையிற் செய்வன சிலவற்றை முன்னரே சொன்னோம். கல்சியத்துக்குப் பின், குளுக்கோசோடு இன்சுலினை ஏற்றி ஸ்கூ கண்ட துலாவை முடுக்கிவிட்டால், பொற்றாசியம் சில மணி நேரம் கலத்துள் ஒதுங்கும். வெளியேற்றுவதற்குச் சிறுநீரகமோ, குடலிற் கவ்வும் பிசின்களோ, குருதிச் சுத்திகரிப்போதான் வேண்டும். கிழமைக்கு இரு தடவை சுத்திகரிப்புக்குச் செல்வோர்க்கு இரண்டுக்கும் இடைப்பட்ட நெடுநாட்களே இடர் மிக்கவை. பேருந்து கிடைக்கவில்லை, திருவிழா வந்தது என்று ஒரு முறை தவறவிட்டால் அவ்விடைவெளி ஒரு கிழமையை எட்டிவிடும்.

வீட்டில் செய்யத்தக்கது, குகை மண்ணிலிருந்து வெடியுப்பு எடுத்த மலைநாட்டார் செய்த அதே வேலைதான். பொற்றாசிய உப்புக்கள் நீரில் எளிதிற் கரைவன. மரவள்ளி, உருளைக்கிழங்கு, பலாக்காய், வாழைக்காய் முதலியவற்றைத் தோல் சீவிச் சிறு துண்டங்களாக அரிந்து, மிகுந்த நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்து ஊற்றிவிட்டுப் புதுநீரிற் சமைத்தால், உப்பில் ஒரு நற்பங்கு குறையும். காய்கறி வெந்த நீரைக் கொட்டாதே, சத்துப் போய்விடும் என்று பள்ளியிற் சுகாதாரப் பாடத்திற் கற்ற பெண்மக்கள் இதற்கு முதலில் இணங்குவதில்லை. அப்பாடம் நலமுடையோர்க்கு உரியது. கீரைச்சாறு, காய்கறி இரசம், இறைச்சி வெந்த நீர் என்பன நோயாளிக்கு ஏற்ற மென்னுணவு என்று கருதப்படுவதும் இவ்விடத்திற் பொருந்தாது. வெளியேற்றவேண்டிய உப்பெல்லாம் அச்சாற்றிலேதான் இருக்கின்றது. எவ்வளவு உண்ணலாம், எதனை முற்றாக விடலாம் என்பதை ஒவ்வொருவரின் குருதி அளவையும் கண்டு மருத்துவரும் உணவியலாரும் சொல்லல் வேண்டும். பக்கத்து வீட்டார்க்குச் சொன்னதை நாம் எடுத்துக்கொள்ளுதல் கூடாது.

பார்க்கச் செல்வோர் எதைக் கொண்டு செல்வது என்று கேட்பாரும் உளர். அன்னாசியிலும் அப்பிளிலும் பொற்றாசியம் வாழைப்பழத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்களவே. ஒரு சிறு துண்டைப் பெரும்பாலோர்க்கு மருத்துவர் தடுப்பதில்லை. சுத்திகரிப்பு நாளில் நோயாளியை மோட்டார் வண்டியில் ஏற்றிச் சென்று, நான்கு மணி நேரம் காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விடுவதற்கு ஒருவர் கிடைப்பாராயின், அக்குடும்பம் அதனையே பெரிதும் விரும்பும்.